அச்சுறுத்தல் அரசியலா, பூச்சாண்டி அரசியலா?

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கினால் போதும், தமிழ்ச் செய்திகளில் ‘அச்சுறுத்தல் அரசியல்’ என்ற தொடர் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘பாலிடிக்ஸ் ஆஃப் ஃபியர்’ என்பதற்கு யாரோ அவசரத்தில் போட்டது, மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மும்பையில் இருந்துகொண்டு தமிழ்ச் சேனல் பார்க்கிற எனக்கு ஒவ்வொரு முறையும் காது உறுத்துகிறது.

‘எதிராளி வந்தால் உன் உயிருக்கும் பிழைப்புக்கும் ஆபத்து’ என்று பயம் காட்டி ஓட்டு வாங்குவதுதான் பொருள். அதையே தொழிலாகச் செய்தால் ‘ஃபியர்மாங்கரிங்’. ‘மாங்கர்’ என்றால் வியாபாரி, லத்தீன் வழி வந்த பழைய சொல். ஆங்கிலத்தில் மீன்காரருக்கும் அதே ஒட்டுதான். சரி, வேர் இவ்வளவு போதும்.

அச்சுறுத்துகிறவன் ‘உன்னை நான் என்ன செய்கிறேன் பார்’ என்பான். இந்த அரசியல்வாதியோ ‘உன்னை அவன் என்ன செய்வான் பார்’ என்கிறார். மும்பைத் தமிழருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 1960களின் பிற்பகுதியில் இங்கே ‘பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி’ (ஊதலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு) என்று தென்னிந்தியருக்கு எதிராகக் கோஷம் கிளம்பியபோது நம்மவருக்கு வந்தது அச்சுறுத்தல். ‘மதராசி உன் வேலையைப் பிடுங்கிக்கொள்வான்’ என்று கேட்ட மராத்தி இளைஞருக்கு ஊட்டப்பட்டது வேறு. ஓட்டு விளைந்தது இந்த இரண்டாவதில்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் யார் யாரை என்ன செய்தார் என்பதே மறைந்துபோகும்.

1964 செப்டம்பர் 7 அன்று அமெரிக்க அதிபர் ஜான்சன் தரப்பு ஒளிபரப்பிய தேர்தல் விளம்பரத்தைப் பாருங்கள். ஒரு சிறுமி பூவிதழைப் பிய்த்துத் தப்பும் தவறுமாக எண்ணுகிறாள். ஓர் ஆண்குரல் தலைகீழாக எண்ணத் தொடங்குகிறது, அணுகுண்டு வெடிக்கிறது. எதிர் வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயர்கூட அதில் வரவில்லை. இதில் யார் யாரை அச்சுறுத்தினார்கள்?

அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்று தொல்காப்பியம் கணக்கே போட்டிருக்கிறது: அணங்கு (அச்சம் தரும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). அதிபர்கள் தேர்தல் விளம்பரத்தில், ரீகன் 1984இல் காட்டிய கரடியும் 2004இல் இளைய புஷ் காட்டிய ஓநாய்களும் விலங்கு. 1988இல், சிறையிலிருந்து தற்காலிக விடுப்பில் போய்க் குற்றம் செய்த கைதியின் படத்தைக் காட்டி ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸை அடித்தார்களே, அது கள்வர். அரசாங்கமே உன்னை விழுங்கிவிடும் என்பது இறை. அணங்கு மட்டும்தான் பாக்கி.

‘அச்ச அரசியல்’ என்று சிலர் சுருக்குகிறார்கள். செய்தி வாசிப்பவர் வேகமாகச் சொன்னால் ஏதோ அச்சகச் சங்கத் தேர்தல் போலக் கேட்கிறது. அப்புறம் யாருடைய அச்சம், யார் ஊட்டியது என்றும் அது சொல்வதில்லை. ‘பீதி அரசியல்’ தேவலாம், ஆனால் வடசொல். நம் கையில் சொல் இருக்கும்போது கடன் எதற்கு?

ஒன்றைக் காட்டிப் பயமுறுத்திக் காரியம் சாதிப்பதைத் தமிழில் ‘பூச்சாண்டி காட்டுவது’ என்போம். காட்டுகிறவர் ஒருவர், பூச்சாண்டி வேறொருவர். குழந்தைப் பேச்சு, கொச்சை என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், மேடையிலும் தலையங்கத்திலும் பலகாலமாகப் புழங்குகிற தொடர்தான். ஒரே ஓர் ஆட்சேபம் நியாயமானது: பூச்சாண்டி என்றாலே பொய்ப் பயம் என்றாகிவிடும். 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பார்த்தவர்களுக்கு அணுகுண்டு பொய்யில்லை. ஆகவே செய்தியில் ‘அச்சமூட்டும் அரசியல்’, கருத்துக் கட்டுரையில் ‘பூச்சாண்டி அரசியல்’.

மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியில் முதலில் கண்ணில் படுவதைப் பிடுங்கி ஒட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். இதையே ‘பயங்கரவாத அரசியல்’ என்று எழுதியதையும் படித்துவிட்டேன். வேட்பாளர் குண்டு வைத்தாரா என்று வாசகர் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறார்களோ!