தாய்ப்பாலில் கரைந்திருக்கும் இரவு

“மகளுக்கு மூன்று மாதம் முடியப்போகிறது. பகலெல்லாம் அசந்து தூங்குகிறாள். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கையையும் காலையும் ஆட்டிச் சிரிக்கிறாள். கண் பட்டிருக்கும் என்று மாமியார் தினமும் மிளகாய் சுற்றிப் போடுகிறார். எப்போதுதான் விடியும்வரை தூங்குவாள்?” என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிள்ளை நன்றாகப் பால் குடித்து, எடையும் கூடிவருகிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. இரவும் பகலும் வேறு வேறு என்பதை அவளது உடல் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடத்தில் தாயின் உடலுக்கு இருக்கும் பங்கு, உயிரியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. நமக்கு ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். குழந்தைக்கு 50, 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் மெலியும். வயிறும் சிறியது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கொருமுறை பசிக்கும்.

இனி உடலின் கடிகாரத்துக்கு வருவோம். மூளையின் அடியில், இரு கண்களின் பார்வை நரம்புகள் குறுக்கிட்டுக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் திரண்டிருக்கின்றன. இருட்டறையில் அடைத்துவைத்தாலும் அவை தாமாகவே ஒரு நாள் தாளத்தில் இயங்கும். ஆனால் அந்தத் தாளம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் வெளிச்சம் அதை நாள்தோறும் திருத்த வேண்டியிருக்கிறது. சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதை அறிவிப்பதற்கென்றே விழித்திரையில் தனிச் செல்கள் உண்டு. அவை தாமே ஒளியை உணர்கின்றன என்பது 2002இல்தான் உறுதியானது. நீல ஒளி அவற்றை மிகுதியாகத் தூண்டும். இருட்டியதும் அவை அடங்க, மூளையில் உள்ள பினியல் சுரப்பி வேலையைத் தொடங்கி, ரத்தத்தில் மெலடோனின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. இரவு வந்துவிட்டது என்று உடல் முழுவதும் அறிவது அதை வைத்துத்தான்.

கருவில் இருக்கும்போது தாயின் மெலடோனின் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. பிறந்து கொடியை அறுத்ததும் அந்த வரத்து நின்றுவிடுகிறது. பிள்ளையின் பினியல் சுரப்பி இரவு பகல் தாளத்துக்கு வர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை? பால் இருக்கிறது! தாயின் ரத்தத்தில் ஏறி இறங்கும் மெலடோனின் அவளது பாலிலும் ஏறி இறங்குகிறது. நள்ளிரவுப் பாலில் அது நிறைய உண்டு. நண்பகல் பாலில் அநேகமாக இல்லை. தன் உடல் அறிந்த இரவை, இன்னும் அறியாத ஓர் உடலுக்குத் தாய் ஊட்டிக்கொண்டிருக்கிறாள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆகவே நள்ளிரவில் பாலூட்டும்போது டியூப்லைட்டைப் போட்டாலோ செல்பேசியை முகத்தருகே பிடித்தாலோ பிள்ளையின் கடிகாரம் மட்டும் குழம்புவதில்லை. தாயின் கண்ணில் விழும் வெளிச்சம் அவளது ரத்தத்தில் மெலடோனினைக் குறைக்கும்; ரத்தத்தில் குறைவது பாலிலும் குறையும். மங்கிய மஞ்சள் விளக்கு போதும். கொஞ்சலும் விளையாட்டும் அந்நேரத்தில் வேண்டாம். பாலைப் பீய்ச்சி எடுத்துவைக்கும் தாய்மார் பாட்டிலில் நேரத்தையும் எழுதிவைத்து, இரவுப் பாலை இரவிலேயே கொடுக்கலாம். விடிந்ததும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பகல் தூக்கத்துக்காக வீட்டை இருட்டாக்கி எல்லோரும் கிசுகிசுக்க வேண்டியதில்லை. பவுடர் பாலில் மெலடோனின் கிடையாது. ஆனால் அதைக் குடித்து வளரும் பிள்ளைக்கும் வெளிச்சம் இதே பாடத்தைக் கற்றுத்தரும். அதை நினைத்து எந்தத் தாயும் மனம் நோக வேண்டாம்.

மாமியார் சுற்றிப் போடும் மிளகாயின் புகை பிள்ளையின் மூச்சில் ஏறாதவரை அதில் கெடுதல் இல்லை. எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். பிள்ளை தூங்கட்டும் என்று வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிறார்கள், தேனைத் தொட்டு வைக்கிறார்கள். வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் நஞ்சு என்று விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள், ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளையே செயலிழக்கச் செய்யலாம். பாட்டி காலத்திலிருந்து செய்வது என்பது இவற்றைத் தொடர்வதற்குக் காரணமாகாது.

எப்போது விடியும்வரை தூங்குவாள் என்ற கேள்விக்கு, கனடாவின் மான்ட்ரியலில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு ஆறுதல் தரும். ஆறு மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் தொடர்ந்து ஆறு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் அப்படியே. அவர்களது வளர்ச்சியில் அதனால் குறை எதுவும் தென்படவில்லை.

தோளில் தூங்கிய பிள்ளை பாயில் கிடத்தியதும் வீறிடுவதற்கும் விடை இருக்கிறது. ஜப்பானின் ரிகென் ஆய்வகத்தில் குமி குரோடாவின் குழு குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தது. முதுகு படுக்கையைத் தொடும்போது அல்ல, தாயின் உடலைவிட்டு விலகத் தொடங்கும்போதே துடிப்பு ஏறுகிறது. ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடந்து, பிள்ளை தூங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்துங்கள் என்று 2022இல் அவர்கள் எழுதினார்கள்.

ஆட்டினால் தூக்கம் வருவது ஏன் என்பதற்கும் 2019இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் எலிகளை வைத்து விடை தேடினார்கள். அசைவை உணரும் உள்காதுக் கற்கள் வேலை செய்யாத எலிகளை ஆட்டியும் பயனில்லை. தலைமுறை தலைமுறையாகத் தூளி கட்டும் நம் நாட்டில் இத்தகைய ஆய்வுகளுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். எந்த வேகத்தில் ஆட்டுவது, எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் அளக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒன்று மட்டும் இப்போதே சொல்லலாம்: தூளியில் குழந்தையின் தாடை மார்பில் படிந்து மூச்சுப்பாதை மடங்கக்கூடும். தூங்கியதும் எடுத்து, தலையணை இல்லாமல், சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள்.