20 நிமிடத்துக்கு ஒரு பஸ், 35 நிமிடக் காத்திருப்பு

தீம் பார்க் ரிசார்ட்டுகளில் ஓட்டலுக்கும் பூங்காவுக்கும் நடுவே ஓடும் ஷட்டில் பஸ்ஸைப் பற்றிப் பயணிகள் சொல்லும் புகார் எங்கும் ஒன்றுதான். "20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று பலகையில் போட்டிருக்கிறார்கள், நாங்கள் அரை மணி நேரமாக நிற்கிறோம்." நிர்வாகத்திடம் கேட்டால் பதிவேட்டை எடுத்துக் காட்டுவார்கள். மணிக்கு 3 பஸ் கணக்காகப் போயிருக்கும். இதில் வேடிக்கை, இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். பஸ்கள் துல்லியமாக 20 நிமிட இடைவெளியில் வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 10 நிமிடம் நிற்பார். இப்போது அதே பஸ்கள் 5 நிமிடம், 35 நிமிடம், மறுபடி 5, மறுபடி 35 என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்வோம். 40 நிமிடத்துக்கு 2 பஸ். சராசரி இடைவெளி அதே 20 தான். ஆனால் நீங்கள் நிறுத்தத்துக்கு வந்து சேரும் கணம் அந்த 40 நிமிடத்தில் எங்கே விழும்? நீளமான இடைவெளிக்குள் விழத்தான் வாய்ப்பு அதிகம். எட்டில் ஏழு பங்கு. அங்கே மாட்டினால் சராசரியாக 17.5 நிமிடம் நிற்க வேண்டும், குறுகிய இடைவெளியில் வந்தால் 2.5 நிமிடம். இரண்டையும் அதனதன் வாய்ப்போடு பெருக்கிக் கூட்டினால் 15.6 நிமிடம் வருகிறது. ஒரு பஸ்ஸைக்கூடக் குறைக்காமல் காத்திருப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

பதிவேட்டுக்கும் பயணிக்கும் உள்ள பிணக்கு இங்கேதான் இருக்கிறது. நிர்வாகம் பஸ்களை எண்ணி சராசரி எடுக்கிறது: 20 நிமிடம். பயணிகளை எண்ணி, ஒவ்வொருவரும் எந்த இடைவெளியில் அகப்பட்டார் என்று சராசரி எடுத்தால் 31 நிமிடத்துக்கு மேல் வரும். நீளமான இடைவெளியில் நிறையப் பேர் சேர்கிறார்கள், குறுகிய இடைவெளியில் வெகு சிலர்தான். அதனால் 5 நிமிட இடைவெளியில் வந்ததாகச் சொல்ல அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். 35 நிமிட இடைவெளியில் மாட்டியதாகச் சொல்ல ஒரு கூட்டமே இருக்கும்.

பஸ்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் முழுக்கத் தற்செயலாக வந்தால் நிலைமை இன்னும் மோசம். காத்திருக்கும் வரிசைகளைக் கணிதமாகப் பார்ப்பதைத் தொடங்கி வைத்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங். தற்செயலாக வந்து விழும் தொலைபேசி அழைப்புகள் எந்தக் கணக்குக்குக் கட்டுப்படுகின்றன என்று 1909-ல் அவர் எழுதிக் காட்டினார். அந்தக் கணக்கை பஸ்ஸுக்குப் போட்டால் சராசரி காத்திருப்பு முழுசாக 20 நிமிடம். அதாவது நீங்கள் எப்போது வந்தாலும், ஏற்கனவே எவ்வளவு நேரம் நின்றிருந்தாலும், இன்னும் சராசரியாக 20 நிமிடம் பாக்கி இருக்கும். "இவ்வளவு நேரம் நின்றுவிட்டோம், இனி வந்துவிடும்" என்ற நம்பிக்கைக்கு அங்கே எந்த ஆதாரமும் கிடையாது.

எந்த ரிசார்ட்டும் பஸ்களைத் தற்செயலாக அனுப்புவதில்லை. காலையில் சரியான இடைவெளி விட்டுத்தான் அனுப்புகிறார்கள். அது ஏன் மதியத்துக்குள் கலைந்துபோகிறது?

ஒரு நிறுத்தத்தில் நிமிடத்துக்கு 2 பேர் வந்து சேர்கிறார்கள், ஒருவர் ஏற 3 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏதோ காரணத்தால் ஒரு பஸ் 5 நிமிடம் தாமதம். அந்த 5 நிமிடத்தில் கூடுதலாக 10 பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏற இன்னும் அரை நிமிடம். ஆக, தாமதம் ஐந்தரை நிமிடமாகிவிட்டது. குழந்தைத் தள்ளுவண்டியை மடிக்க வேண்டியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருந்தால் இன்னும் கூடும். ஒரு சக்கர நாற்காலியை ஏற்றிப் பத்திரமாகப் பூட்டவே சில நிமிடம் பிடிக்கும். அரை நிமிடம் பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஆனால் பஸ் இப்படியே அடுத்த நிறுத்தம், அடுத்த நடை என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் தாமதம் கொஞ்சம் வட்டி போட்டு வளர்கிறது.

பின்னால் வரும் பஸ்ஸுக்கு நேர்மாறாக நடக்கிறது. முன்னால் போன பஸ் பிந்திப் போய் எல்லோரையும் அள்ளிக்கொண்டதால் இதற்கு ஏறுபவர்கள் குறைவு. சீக்கிரம் கிளம்பிவிடுகிறது, முன்னால் போவதை நெருங்குகிறது. நெருங்க நெருங்க ஆள் இன்னும் குறைவு, வேகம் இன்னும் அதிகம். கடைசியில் பிதுங்கி வழியும் ஒரு பஸ்ஸும் அதன் வாலைப் பிடித்தபடி காலியான ஒரு பஸ்ஸும் ஜோடியாக வந்து நிற்கும். கார்டன் நியூவெல், ரென்ஃப்ரே பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணிதமாகக் காட்டிவிட்டார்கள். சமமான இடைவெளி என்பது தானாக நிலைத்து நிற்கும் நிலையே இல்லை. சின்னக் கலைப்பு போதும், யாரும் ஒரு தவறும் செய்யாமலேயே பஸ்கள் ஜோடி சேர்ந்துவிடும். டிரைவரைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை என்பது இதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

இதைச் சரிசெய்யும் வழி பயணிகளுக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. பஸ்ஸை நிறுத்தி வைக்க வேண்டும். முன்னால் போன பஸ்ஸை நெருங்கிவிட்ட பஸ்ஸை, ஆள் ஏறத் தயாராக இருந்தாலும், சில நிமிடம் அசையாமல் நிறுத்தினால் இடைவெளி மறுபடி ஒழுங்காகும். எங்கே நிறுத்துவது என்பதிலும் சூட்சுமம் உண்டு. நடுவழியில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் அத்தனை பேருடைய நேரமும் வீணாகும். எல்லோரும் இறங்கிவிடும் பூங்கா வாசலில் நிறுத்தினால் உள்ளே யாரும் இல்லை, இழப்பு மிகக் குறைவு. அதனால்தான் கதவு மூடிய காலி பஸ் ஒன்று கண்ணெதிரே சும்மா நிற்கும் காட்சி இந்த இடங்களில் அடிக்கடி காணக் கிடைக்கிறது. வெயிலில் நிற்பவர்களுக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். டிரைவர் ஓய்வு நேரமாகவும் இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த 35 நிமிட இடைவெளி உருவாகாமல் தடுப்பதற்காகவும் இருக்கலாம்.

எவ்வளவு நேரம் நிறுத்துவது? கால அட்டவணையைப் பார்த்து நிறுத்துவது பழைய முறை. அட்டவணையை விட எல்லா பஸ்ஸும் பின்தங்கிவிட்டால் அது பயனற்றுப் போகும். ஜான் பார்தோல்டி, டொனால்ட் ஐசன்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-ல் அட்டவணையே தேவையில்லாத ஒரு விதியை வெளியிட்டார்கள். முனையத்துக்கு வரும் பஸ் முன்னால் போனதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பின்னால் வரும் பஸ் எவ்வளவு நிமிடத்தில் வரும் என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு நின்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான். பின்னால் வருவது வெகு தூரத்தில் இருந்தால் அதிக நேரம் நிற்கும், இடைவெளி சுருங்கும். பக்கத்திலேயே இருந்தால் உடனே கிளம்பும், இடைவெளி விரியும். இப்படியே சில சுற்றுகள் போனால் எல்லா இடைவெளியும் தானே சமமாகிவிடும். ஒரு பஸ் பழுதாகி விலகினாலும் மீதி பஸ்கள் யார் சொல்லியும் இல்லாமல் தங்களுக்குள் இடம் பகிர்ந்துகொள்ளும். அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் வளாகத்து பஸ்களில் இதை ஓட்டிப் பார்த்தும் இருக்கிறார்கள். ரிசார்ட் ஷட்டில் போலவே அதுவும் சுற்றிச் சுற்றி ஓடும் சின்ன வழித்தடம்.

கேபிள் காரில் இந்தத் தொல்லையே கிடையாது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 4 பூங்காக்களும் 20-க்கும் மேற்பட்ட ஓட்டல்களுமாக விரிந்து கிடக்கிறது. பஸ், படகு, மோனோரயில் எல்லாம் அங்கே இருந்தும் 2019 செப்டம்பரில் கேபிள் காரையும் திறந்தார்கள். ஒரு பெட்டியில் 10 பேர் வரைதான் ஏற முடியும். ஆனால் பெட்டிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவதால் ஒன்றை ஒன்று எட்டிப் பிடிக்க வழியில்லை. சில விநாடிக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும். இடைவெளியைக் காக்கும் வேலையைக் கம்பியே செய்துவிடுகிறது. அதற்கு விலையும் உண்டு. ஓரிடத்தில் கோளாறு என்றால் வழித்தடம் முழுக்க நின்றுவிடும். திறந்து ஒரு வாரத்துக்குள் அப்படி நின்று, பயணிகள் மணிக்கணக்கில் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்தது, பஸ் நிறுத்தங்களில் அதிகம் கேட்கும் இன்னொரு புலம்பல்: "பக்கத்து ஓட்டலுக்கு மட்டும் இரண்டு பஸ் வந்துவிட்டது, நம்முடையதைக் காணோம்." யாரோ அந்த ஓட்டலுக்குச் சலுகை காட்டுவதாகவே தோன்றும். ஒரு பூங்கா வாசலிலிருந்து 8 ஓட்டல்களுக்கு பஸ் போகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் பஸ், வரும் நேரம் மட்டும் தற்செயல் என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் பஸ் வருவதற்குள் சராசரியாக 7 வேறு பஸ்கள் வந்து போகும். அதில் குறிப்பிட்ட ஒரு ஓட்டலுக்கு இரண்டு பஸ் வந்துவிட நாலில் ஒரு வாய்ப்புதான். ஆனால் ஏழில் ஏதாவது ஒரு ஓட்டலுக்கு இரண்டு முறை வந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு? போட்டுப் பார்த்தால் சுமார் 59 சதவீதம் வருகிறது. ஒரு துளிகூடப் பாரபட்சம் இல்லாத ஏற்பாட்டிலேயே, பாதிக்கும் அதிகமான நாட்களில் உங்களுக்குப் பாரபட்சமாகத் தெரியும். எந்த ஓட்டல் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை; இரண்டு முறை வந்த ஓட்டலைப் பார்த்த பிறகுதான் அதன் மேல் கோபம் வருகிறது. பஸ்கள் ஓரளவு ஒழுங்காக வந்தால் இந்த எண் இறங்கும்.

காத்திருப்பின் உளவியலைப் பற்றி 1985-ல் எழுதிய டேவிட் மைஸ்டர், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், நியாயமில்லை என்று படும் காத்திருப்பும் நிஜத்தை விட நீளமாகத் தெரியும் என்றார். பல ஓட்டல் பஸ்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து போகும் நிறுத்தத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன.

இதுவரை சொன்னது எல்லாம் பஸ்ஸில் இடம் இருக்கும்போது நடப்பது. இரவு வாணவேடிக்கை முடிந்ததும் வருவது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. அங்கே இடைவெளியை எவ்வளவு அழகாகச் சமன்படுத்தினாலும் போதாது, ஏனென்றால் வரும் ஆட்களுக்கு இடமே இல்லை.

ஒரு ஓட்டலுக்கான வரிசையில் அரை மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு 20 பேர் வீதம், மொத்தம் 600 பேர் வந்து சேர்கிறார்கள் என்று வைப்போம். பஸ்ஸில் நிற்பவர்களையும் சேர்த்து 60 பேர். போய்வர 20 நிமிடம், 4 பஸ் என்றால் 5 நிமிடத்துக்கு ஒன்று கிளம்பும். நிமிடத்துக்கு 12 பேர் போகலாம். 600 பேரையும் அனுப்ப 50 நிமிடம். 30-வது நிமிடத்தில் கடைசியாக வந்தவர் 20 நிமிடம் நிற்பார். பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே நேரத்தில்தான் கார் நிறுத்துமிடத்திலிருந்தும் மொத்தக் கூட்டமும் சாலைக்கு வருகிறது. போய்வர 20 நிமிடம் எடுத்த பஸ்ஸுக்கு இப்போது 30 நிமிடம். பஸ் எண்ணிக்கை மாறவில்லை, இடைவெளி மட்டும் ஏழரை நிமிடமாகிவிட்டது. நிமிடத்துக்கு 8 பேர்தான் போக முடியும். 600 பேருக்கு 75 நிமிடம். கடைசி ஆள் 45 நிமிடம் நிற்பார். பயண நேரம் ஒன்றரை மடங்கானால் காத்திருப்பு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. கூட்டம் அதிகமாகும்போது பஸ்ஸின் திறன் குறைவது இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம். பஸ்ஸுக்குத் தனிப் பாதை ஒதுக்கிய இடங்களில் இந்த அடி அவ்வளவாக விழாது. இல்லாத இடத்தில் ஐந்தாவதாக ஒரு பஸ்ஸை விட்டால் கடைசி ஆளின் காத்திருப்பு 45-லிருந்து 30 நிமிடமாக இறங்கும். இந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பஸ்ஸுக்கு இருக்கும் மதிப்பு மதியம் 2 மணிக்கு மூன்று பஸ்ஸுக்குக்கூட இருக்காது. டிரைவர்களின் ஷிப்டை நாள் முழுக்கச் சமமாகப் பரப்பி வைக்கும் நிர்வாகம் இதைக் கவனிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

காலையில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. பெரிய ஓட்டல்களுக்கு உள்ளேயே நாலைந்து நிறுத்தங்கள் இருக்கும். பூங்கா திறக்கும் நேரத்தில் முதல் இரண்டு நிறுத்தத்திலேயே பஸ் நிரம்பிவிட்டால் கடைசி நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. சராசரி எல்லாம் அவர்களுக்கு ஒத்துவராது. கொஞ்சம் நடந்து முதல் நிறுத்தத்துக்குப் போய் ஏறிவிடுவது அப்போது புத்திசாலித்தனம்.

இரவு வரிசைக்கும் இந்த மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. மேலே சொன்ன 75 நிமிட உதாரணத்தில், 30-வது நிமிடத்தில் ஓடிவந்து வரிசையில் சேர்ந்தவரும், கடையில் சுற்றிவிட்டு, உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டு 70-வது நிமிடத்தில் வந்தவரும் கிட்டத்தட்ட ஒரே பஸ்ஸில்தான் ஏறுவார்கள். 30-வது நிமிடத்துக்குப் பின் கூட்டம் வராது என்பதுதான் இதில் நிபந்தனை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம், போனில் "அடுத்த பஸ் 4 நிமிடத்தில்" என்று காட்டுவதை நெரிசல் நேரத்தில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் உங்களுக்கு இடம் இருக்குமா என்று அது சொல்வதில்லை. முன்னால் நிற்கும் தலைகளைத் தோராயமாக எண்ணி 60-ஆல் வகுத்துப் பாருங்கள். 200 பேர் என்றால் மூன்று பஸ் போன பிறகு, நாலாவது பஸ்தான் உங்களுடையது.