ரப்பர் பாலுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்னே பால் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். பட்டையில் கத்தி சாய்வாக ஓடிய தடத்தில் வெள்ளைப் பால் கசிந்து, கீழே கட்டிய சிரட்டையில் சொட்டும். சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை விரலால் இழுத்துவிட்டால், சுருண்டு பழையபடி ஆகிவிடும். மருந்துக்கடையில் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறோமே, அந்த ஆணுறையின் மூலப்பொருள் இதுதான்.

பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அமோனியா சேர்த்து, சுழல் எந்திரத்தில் சுற்றி அதை 60 சதவீதமாக்குகிறார்கள். கந்தகம் கலந்த அந்தப் பாலில் கண்ணாடி அச்சுகளை இருமுறை முக்கி, உலர்த்தி, சூடேற்றுவார்கள். நூல்போல் நீண்ட ரப்பர் மூலக்கூறுகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்துவிடுவதால், இழுத்தாலும் அறுந்துவிடாத உறை கிடைக்கிறது. கேரள எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம் பேரூர்க்கடை. அங்குள்ள அரசு ஆலை 1969 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. ஒவ்வொரு உறையையும் உலோக அச்சில் மாட்டி மின்னழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. மின்சாரம் பாய்ந்தால் எங்கோ துளை இருக்கிறது; அந்த உறை கழிவுக்குப் போகும்.

துளையில்லாத உறை தடுப்பது எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியை. அது விந்து, பிறப்புறுப்புத் திரவம், ரத்தம் ஆகியவற்றோடு வருகிறது. வெளித்தோலைப் போலத் தடித்த கவசம் உள்ளுறுப்புச் சவ்வுகளுக்கு இல்லை. ஆசனவாய்க்கு உள்ளே இருக்கும் மலக்குடலின் சவ்வு ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது; ஆபத்து அங்கேதான் மிகுதி. பால்வினைப் புண் இருந்தால் கிருமி தேடுகிற சிடி4 என்னும் நோய் எதிர்ப்புச் செல்களே அங்கு வந்து குவிந்துவிடுகின்றன.

சிகிச்சை எடுக்காத, தொற்றுள்ள ஆணுடன் உறையின்றி ஒருமுறை உறவுகொண்டால் பெண்ணுக்குத் தொற்ற சராசரியாக 10,000-இல் 8 வாய்ப்பு என்பது மதிப்பீடு. ஆசனவாய்வழி உறவில், ஏற்பவருக்கு இது 138. சிறிய எண்தானே என்று எண்ண வேண்டாம். எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டிப்போய்க் கேரள லாட்டரி வாங்குகிறவர்களைக் கேளுங்கள், முதல் சீட்டிலேயே விழுந்த கதை சொல்வார்கள்.

நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்தான். ஆணுறைக்கு மட்டும் அது எமன். எண்ணெய் ரப்பருக்குள் ஊறி, அதை உப்ப வைத்துத் தளர்த்துகிறது. ஊதிய பலூனில் தடவி வையுங்கள், சில நிமிடங்களில் தானாக வெடித்துவிடலாம். வழவழப்பு வேண்டுமென்றால் நீர் அல்லது சிலிகோன் சார்ந்த பசைதான் சரி. மாதக்கணக்கில் பர்ஸில் வைத்து அதன்மேல் உட்காருவதும் கெடுதல்தான். சூடும் உராய்வும் ரப்பரை நைந்துபோகச் செய்யும்.

உறை கிழிந்துவிட்டால் பதற்றத்தில் நாளைக் கடத்தாதீர்கள். 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, அரசு மருத்துவமனைக்குப் போய்த் தொற்றுத் தடுப்பு மாத்திரை கேளுங்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அங்கேயே நம்பிக்கை மையம் என்ற எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனைப் பிரிவில் இலவசமாக ரத்தம் பார்ப்பார்கள். மறுநாளே எடுத்த பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் அது பழைய கணக்கு. நேற்றைய தொற்று ரத்தத்தில் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவர் குறித்துத் தருகிற தேதியில் மறுபடி போக வேண்டும்.