பழைய ஒயினில் துவர்ப்பு எங்கே போகிறது?

ஒயின் செய்யும்போது காபர்நே சாவின்யோன் திராட்சையோடு ஷிராஸ் என்ற இன்னொரு திராட்சையைக் கலப்பது தெற்கு ஆஸ்திரேலியாவின் நெடுநாள் வழக்கம். காபர்நே வாயில் பட்டதும் அழுத்தமாகத் தெரியும், விழுங்கும்போது நன்றாகத் துவர்க்கும். ஆனால் நடுவில் கொஞ்சம் வெறுமை தட்டும். அந்த இடத்தைச் சதைப்பற்றான ஷிராஸ் நிரப்பிவிடுகிறது. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் ஒயின் தயாரிப்பாளர் மாக்ஸ் ஷூபர்ட் 1960-ல் தொடங்கிய ‘பின் 389’ ஒயின் இந்த வகையில் பேர்போனது. அதன் ஒரு பகுதி, அதே நிறுவனத்தின் ‘கிரேஞ்ச்’ ஒயின் இருந்த அமெரிக்க ஓக் பீப்பாய்களில் முதிர்கிறது. அந்த மரத்திலுள்ள லாக்டோன் என்ற சேர்மம்தான் தேங்காய் வாசம் தருவது.

இருபது வயதான இப்படியொரு ஒயினைக் கோப்பையில் ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். இளம் ஒயினின் விளிம்பில் ஊதா இருக்கும். இதில் செங்கல் நிறம். புது ஒயினுக்கு நிறம் தருவது திராட்சைத் தோலிலிருந்து வரும் ஆந்தோசயனின். அது நெடுநாள் தனியாக நிற்காது. துவர்ப்பு தரும் பொருளான டானினோடு சேரும், ஈஸ்ட் விட்டுச்சென்ற பைருவிக் அமிலம், அசிட்டால்டிஹைடு போன்றவற்றோடும் சேரும். இப்படிப் பிறக்கும் நிறமிகளில் பல ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தவை. கரையாமல் போனவை வண்டலாக அடியில் தங்கும்.

சரி, துவர்ப்பு? டானின் நம் எச்சிலில் இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் வழுவழுப்பு போய், நாவற்பழம் தின்றதுபோல நாக்கு இழுக்கிறது. இது சுவை என்பதைவிடத் தொடு உணர்ச்சி என்பதே பொருந்தும். நாளாக ஆக டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, வண்டலாக இறங்கிவிடும், அதனால் துவர்ப்பு குறையும் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அது பாதிக் கதைதான். ஒயினின் அமிலத்தில் டானின் சங்கிலிகள் அறுபடவும் செய்கின்றன. அறுந்தவை வேறு விதமாகக் கூடுகின்றன. நிறமி ஒட்டி, உருமாறிப்போன டானினால் எச்சில் புரதத்தை முன்போல இறுகப் பிடிக்க முடிவதில்லை. ஆக, பழைய ஒயினில் டானின் நிறையவே மிச்சமிருக்கிறது. அதன் பிடிதான் தளர்ந்திருக்கிறது.

வாசனையில் எனக்கு மிகவும் பிடித்தது ஷிராஸின் மிளகு. அதற்குக் காரணம் ரோட்டண்டோன் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-ல் அறிவித்தார்கள். நம் கருமிளகின் மணமும் இதிலிருந்தே வருகிறது. இந்தப் பொருள் முதலில் கிடைத்ததோ கோரைக்கிழங்கில். சைபரஸ் ரோட்டண்டஸ் என்ற அதன் தாவரவியல் பெயர்தான் இதற்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதைவிடப் பல மடங்கு இருந்தாலும் தெரியாது. ஒரே புட்டியைப் பகிர்ந்த இருவர் ‘மிளகு இருக்கிறது’, ‘இல்லை’ என்று வாதாடினால் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

புதுப் பழ வாசம் தரும் எஸ்டர்கள் ஆண்டுகள் போகப் போகச் சிதைந்துவிடும். டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் கூடும். தோல், ஈரமண், உலர்பழம் போன்ற மணங்கள் மேலெழும். யூகலிப்டஸ் மரங்களை ஒட்டிய தோட்டமென்றால் அந்தத் தைலத்தின் சாயலும் இருக்கும். காற்றில் பறக்கும் எண்ணெயும், அறுவடையில் கலந்துவிடும் இலைகளும் கொண்டுவந்தது அது.

இந்த முதிர்ந்த மணங்கள் சீக்கிரம் கலைந்துவிடக்கூடியவை. அதனால் பழைய புட்டியை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து வண்டல் அடங்கியதும், மெல்ல இறுத்து, அதிகம் காத்திருக்காமல் பரிமாறுவதே நல்லது. 18 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஆல்கஹால் நெடி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.