வயிற்றில் டியூப் வைத்தால் எதுக்களிப்பு நிற்குமா?

பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் தசைகள் கட்டுப்பாட்டில் இல்லாத நிலை) உள்ள குழந்தையின் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாயால் ஊட்ட வேண்டாம், வயிற்றில் டியூப் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். வைத்துவிட்டால் வாந்தியும் அடிக்கடி வரும் நிமோனியாவும் நின்றுவிடுமா?"

நுரையீரலுக்குள் உணவு போக இரண்டு வழிகள் உண்டு. டியூப் அடைப்பது ஒன்றைத்தான்.

முதல் வழி மேலிருந்து. விழுங்கும்போது நாக்கும் தொண்டையும் மூளை சொல்லும் வரிசையில் இயங்க வேண்டும். வரிசை பிசகினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நமக்குப் புரை ஏறினால் இருமித் தள்ளிவிடுவோம். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு அந்த இருமலே வருவதில்லை. இரைப்பைக்கே நேராக உணவு போனால் இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது, எச்சில் புரை ஏறுவது தவிர.

வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் டியூப் வைக்கும் முறை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிறந்தது. குழந்தைகள் அறுவை மருத்துவர் மைக்கேல் காடரரும் எண்டோஸ்கோப்பி மருத்துவர் ஜெஃப்ரி பான்ஸ்கியும் செய்தது இதுதான்: அறையை இருட்டாக்கி, எண்டோஸ்கோப் என்ற விளக்குள்ள வளையும் குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கினால் அதன் விளக்கு வயிற்றுத் தோல் வழியாகச் சிவப்பாகத் தெரியும். அந்த இடத்தில் ஊசி குத்தி ஒரு நூலை உள்ளே விட்டு, அதை வாய் வழியாக வெளியே இழுத்து, நூலில் டியூபைக் கட்டி மறுபடி கீழே இழுத்தால் டியூப் வயிற்றுத் துளை வழியாக வெளியே வந்து நிற்கும். முதல் நோயாளி சில மாதக் கைக்குழந்தை.

இரண்டாவது வழி கீழிருந்து, அதாவது இரைப்பையில் உள்ளது மேலே ஏறி வரும் எதுக்களிப்பு. உணவுக்குழாயின் அடியில் ஒரு வளையத் தசை இருக்கிறது. மூளை பாதித்த குழந்தைகளுக்கு அது வேண்டாத நேரத்தில் தளரும். இரைப்பை மெதுவாகக் காலியாகும். விறைத்த தசைகள் வயிற்றை அழுத்தும். நாள் முழுவதும் படுக்கை, மலச்சிக்கல், வளைந்த முதுகெலும்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். டியூப் இதில் எதையும் மாற்றாது. அமில மருந்தும் அப்படித்தான்: புளிப்பைக் குறைக்கும், மேலே வருவதை நிறுத்தாது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த அறுவை சிகிச்சை வருகிறது. ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸன், 1930களில் இஸ்தான்புல்லில் ஒருவருக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியை வெட்டி எடுத்தார். தையல் கசியாமலிருக்க இரைப்பையின் ஒரு பகுதியை அதன்மேல் சுற்றித் தைத்தார். பின்னாளில் பார்த்தால் அந்த நோயாளிக்கு எதுக்களிப்பே இல்லை! 1950களின் நடுவில், சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில், எதுக்களிப்பை நிறுத்தவென்றே அதைச் செய்தார். அதுதான் ஃபண்டோப்ளிகேஷன்.

இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் பின்னால் கொண்டுபோய், மஃப்ளர் மாதிரி முழுச் சுற்று சுற்றி முன்னால் தைத்துவிடுகிறார்கள். சுற்றியிருப்பது இரைப்பையின் பகுதிதான் என்பதால், உள்ளே அழுத்தம் ஏறினால் அதற்குள்ளும் ஏறும். குழந்தை விறைக்கிறது, இருமுகிறது, வயிறு இறுகுகிறது. உணவை மேலே தள்ளப் பார்க்கும் அதே அழுத்தம் சுற்றையும் உப்ப வைத்து, நடுவிலுள்ள உணவுக்குழாயை நெரித்து மூடுகிறது. எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அவ்வளவு இறுக்கம். இந்தக் கதவுக்கு மூளையின் உத்தரவே தேவையில்லை. மூளை ஒத்துழைக்காத குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எது?

ஆனால் அதே கதவு ஏப்பத்தையும் விடாது. வயிறு உப்பிக் குழந்தை துடிக்கும்போது, பிஸ்டனைக் கழற்றிய சிரிஞ்சை டியூபில் மாட்டித் தூக்கிப் பிடித்தால் காற்று குமிழிட்டு வெளியேறும். ஓங்கரிப்பு மட்டும் நிற்காது, அது மூளையிலிருந்து வருவது. நாளடைவில் தையல் தளர அதுவும் ஒரு காரணம். அதனால்தான் டியூப் வைக்கும் எல்லோருக்கும் கூடவே இதையும் செய்துவிடும் பழக்கம் குறைந்துவருகிறது. முதலில் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக விட்டுப் பார்ப்பார்கள். மலச்சிக்கலைச் சரிசெய்வார்கள். தேவைப்பட்டால் டியூபைச் சிறுகுடல் வரை நீட்டுவார்கள்.

சிறுகுடல் டியூபா, சுற்றுத் தையலா என்று ஒப்பிட்டுப் பார்த்த முறையான ஆய்வுகள் மிகக் குறைவு. இந்தக் குழந்தைகளுக்கான ஆய்வால் பெரிய லாபம் யாருக்கும் இல்லை. அரசுப் பணம் இல்லாமல் இது நடக்காது என்பது என் எண்ணம். அப்புறம், திருஷ்டி கழித்தால் வாந்தி நிற்கும் என்று சொல்லும் உறவினர்களுக்கு: வளையத் தசைக்குக் கண் கிடையாது. எலும்பும் தோலுமான குழந்தைக்குப் பூசாரியைத் தேடி மாதங்களைக் கடத்துவதுதான் ஆபத்து.

அந்த அம்மாவுக்கு: எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் பார்த்தால் மேலிருந்து இறங்குகிறதா என்று தெரியும். எதுக்களிப்புக்குத் தனிப் பரிசோதனை உண்டு. இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள். டியூப் வைத்த பிறகு அது எப்போதாவது கழன்று விழுந்தால், சில மணி நேரத்திலேயே துளை சுருங்கத் தொடங்கிவிடும். முதல் சில வாரங்களுக்குள் என்றால் நீங்களாகத் திரும்பச் செருகாதீர்கள். இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.