ஐந்தால் பெருக்கினால் போதுமா? ரத்தினக் கற்களின் எடைக் கணக்கு

ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். கிராமை ஐந்தால் பெருக்கினால் கேரட், கேரட்டை ஐந்தால் வகுத்தால் கிராம். ஒரு கேரட்டில் 100 பாயின்ட்; வியாபாரப் பேச்சில் இதையே சென்ட் என்பார்கள். ஆக ஒரு சென்ட் 2 மில்லிகிராம், ஒரு கிலோ 5,000 கேரட். வாய்ப்பாடு இவ்வளவுதான். தப்பு நேர்வது பெரும்பாலும் பெருக்கலில் அல்ல, பெருக்கப்படும் எண்ணில்தான்.

பரவலாகக் கிடைக்கும் சிறு மின்னணுத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். அதில் ஒரு கல் 0.20 கிராம் என்று நின்றால் உடனே 1.00 கேரட் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 0.195 முதல் 0.205 கிராம் வரையுள்ள எந்த எடையையும் அந்தத் தராசு 0.20 என்றுதான் காட்டும். அதாவது கல் 0.975 கேரட்டாகவும் இருக்கலாம், 1.025 கேரட்டாகவும் இருக்கலாம். வைரத்தில் ஒரு கேரட்டைத் தொட்டதுமே கேரட் விலை தாவிவிடும் என்பதால் இந்த இடைவெளி சின்னதல்ல. தராசில் கேரட் பொத்தானை அழுத்தினாலும் உள்ளிருக்கும் உணரி மாறுவதில்லை, திரையில் தெரியும் எண்தான் மாறுகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: வெவ்வேறு கற்களை வைத்துப் பாருங்கள். கேரட் அளவு எப்போதும் 0.95, 1.00, 1.05 என்று 0 அல்லது 5-இலேயே முடிந்தால், அது கிராமில் இரண்டு தசமம் மட்டுமே அளக்கும் தராசு.

கேரட்டில் இரண்டாவது தசமத்தை நம்பி எழுத, குறைந்தது ஒரு மில்லிகிராம் வரை பிரித்தறியும் தராசு வேண்டும். வைரத்துக்கு அதுவும் போதாது, ஏனென்றால் வைரச் சந்தையில் முழுமையாக்கும் வழக்கமே வேறு. பள்ளிக் கணக்கில் மூன்றாவது தசமம் 5 என்றாலே மேலே ஏற்றிவிடுவோம். இங்கே 9 ஆக இருந்தால்தான் ஏறும். 0.998 கேரட் கல் 0.99 தான், 0.999 ஆனால்தான் 1.00. அந்த மூன்றாவது தசமம் 0.2 மில்லிகிராம். அதைப் பார்க்க 0.1 மில்லிகிராம் தராசும், காற்றைத் தடுக்கும் கண்ணாடிக் கூண்டும் தேவை. கழுவிய கல்லை உலர்த்தி, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே வைக்க வேண்டும். சூடான கல்லைச் சுற்றி எழும் காற்றோட்டம் எடையைக் குறைத்துக் காட்டும். விரலின் எண்ணெய்ப் பசை கூட்டிக் காட்டும். இடுக்கியால் எடுப்பது இதற்காகவும்தான்.

பொடிக்கற்களை ஒவ்வொன்றாக நிறுத்துக் கூட்டவே கூடாது. 0.018 கேரட் கற்கள் ஐம்பது இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உண்மை எடை 0.90 கேரட். கேரட்டில் இரண்டு தசமம் காட்டும் தராசு ஒவ்வொன்றையும் 0.02 என்று காட்டும், கூட்டினால் 1.00. மொத்தமாகத் தட்டில் கொட்டி நிறுத்து, எண்ணிக்கையால் வகுப்பதே சரி.

கல் பதித்த நகையில் வேறொரு தவறு. மொத்த எடை 5.640 கிராம், கல் 1.20 கேரட். நேராக 1.20-ஐக் கழித்து 4.440 என்று எழுதினால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவான தங்கம் கணக்கில் காணாமல் போய்விடும். கல் 0.240 கிராம்தான்; நிகரத் தங்கம் 5.400 கிராம்.

அலகின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றுவதும் ஆபத்து. முத்துக் கணக்கில் ஒரு கிரெய்ன் கால் கேரட், அதாவது 50 மில்லிகிராம். தங்கம் நிறுக்கும் டிராய் கிரெய்ன் சுமார் 64.8 மில்லிகிராம். இயற்கை முத்துக்கு எடையின் வர்க்கத்தை அடிப்படை விலையால் பெருக்கும் பழைய முறை உண்டு. 2 கேரட் முத்து 8 கிரெய்ன், வர்க்கம் 64. அதையே டிராய் கிரெய்னில் போட்டால் 6.17, வர்க்கம் 38 மட்டும். அலகு மாறியதில் விலையில் நாற்பது சதவீதம் கரைந்துவிடுகிறது! வளர்ப்பு முத்துகளின் மொத்த வியாபாரத்தில் வரும் மொம்மே 3.75 கிராம், 18.75 கேரட். வட இந்தியாவில் ரத்தினம் நிறுக்கும் ரத்தி என்ற அலகோ இரண்டு விதம்: சுமார் 121.5 மில்லிகிராம் ஒன்று, அதைப்போல் ஒன்றரை மடங்கு இன்னொன்று. எந்த ரத்தி என்று கேட்காமல் கேரட்டுக்கு மாற்றுவதில் அர்த்தமில்லை.

கேரட்டே ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. 1907-இல் எடை, அளவுகளுக்கான நான்காவது பொது மாநாடுதான் 200 மில்லிகிராமை ஏற்றது. 1905-இல் கிடைத்த குல்லினன் வைரம் பழைய ஆங்கிலக் கேரட்டில் 3,025.75, இன்றைய கேரட்டில் 3,106.75. கல் வளரவில்லை, இரண்டுமே சுமார் 621.35 கிராம். பழைய ஆங்கில ஆவணங்களில் உள்ள எண்ணை அப்படியே ஐந்தால் வகுத்தால் இரண்டரை சதவீதத்துக்கு மேல் பிசகும்.

கல்லைக் கழற்ற முடியாதபோது அளவிலிருந்து எடையை மதிப்பிடலாம். வட்ட வெட்டு வைரத்துக்கு விட்டத்தின் வர்க்கம் × உயரம் × 0.0061, அளவுகள் மில்லிமீட்டரில். விட்டம் 6.5, உயரம் 3.9 என்றால் 1.005 கேரட். வண்ணக் கல்லுக்கு 0.0061-க்குப் பதில் 0.0018-ஐ அடர்த்தியால் பெருக்கிப் போட வேண்டும். அதே அளவுள்ள மாணிக்கம் (அடர்த்தி 4.00) சுமார் 1.19 கேரட், மரகதம் (2.72) 0.81 கேரட்தான். விட்டத்தை 0.1 மில்லிமீட்டர் கூட்டி அளந்தால் எடை மூன்று சதவீதம் ஏறிவிடும். வர்க்கம் என்பதால் வரும் வினை. இதை மதிப்பீடு என்றே குறிப்பிட வேண்டும்.

பெரிய கற்களுக்குக் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்று எல்லாப் பொருளையும் சற்றே மேலே தாங்குகிறது. எஃகு எடைக்கல்லின் அடர்த்தி 8, வைரத்தின் அடர்த்தி 3.52. அதே எடைக்கு வைரம் அதிக இடத்தை அடைப்பதால் அதற்குக் கிடைக்கும் தாங்கலும் அதிகம். தராசு சுமார் 0.019 சதவீதம் குறைத்துக் காட்டும். ஒரு கேரட் கல்லில் இது மூன்றாவது தசமத்தைக்கூட எட்டாது. நூறு கேரட் கல்லில் ஏறக்குறைய இரண்டு சென்ட்.