வயிற்றுப் பிள்ளை ஏன் இப்படித் துடிக்கிறது?

கிளினிக் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஏழு, எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சிகள் கதைப்பதைக் காது கொடுத்துக் கேட்டால், பயங்கள் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். பிள்ளை நடுங்குகிற மாதிரி இருக்கிறதே, வலிப்பா? ஒரே இடத்தில் விட்டுவிட்டு அடிக்கிறதே, கொடி சுற்றிவிட்டதா? இரவெல்லாம் உருள்கிறதே, மூச்சு முட்டுகிறதா? அதே வாங்கில் ஒருத்தி “நேற்றிலிருந்து துடிப்புக் குறைவு” என்று சொன்னால், கூட வந்த மாமியோ பெரியம்மாவோ “கடசி மாசத்தில புள்ளைக்கு ஆட இடமில்ல மகள், பயப்பிடாத” என்று கதையை முடித்துவிடுவார்கள்.

பயம் இங்கே இடம் மாறி நிற்கிறது. ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் தூக்கம் கெடுகிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயத்துக்கு ஆறுதல் கிடைக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் அடிக்கடி கேட்கும் இந்த ஆறுதலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிள்ளை எதற்காக அசைகிறது, எப்போது அசையாமல் விடுகிறது என்று விளங்கிவிட்டால் இது தானாகவே நேராகும்.

தாய்க்குத் தெரிவதற்கு வெகு முன்பே அசைவு தொடங்கிவிடுகிறது. ஏழு, எட்டு வாரத்தில், பிள்ளை இரண்டு சென்ரிமீற்றர் நீளம்கூட இல்லாத காலத்திலேயே, ஸ்கேனில் உடல் மெல்ல நெளிவது தெரியும். 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஹைன்ஸ் பிரெக்டல் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் பிள்ளைகளை ஸ்கேனில் நீண்ட நேரம் பார்த்துப் பதிவு செய்தார்கள். திடுக்கிடுவது, விக்குவது, சோம்பல் முறிப்பது, கொட்டாவி விடுவது, கையை முகத்துக்குக் கொண்டுபோவது என்று, பிறந்த பிள்ளையிடம் நாம் பார்க்கும் அசைவுகளில் பெரும்பாலானவை 15 வாரத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அதைவிட முக்கியமான விஷயம், வெளியில் இருந்து யாரும் தூண்டத் தேவையில்லை. முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணிலும் மூளையின் அடியில் உள்ள மூளைத்தண்டிலும் இருக்கும் நரம்புக் கூட்டங்கள் தாங்களாகவே மின் சைகைகளை எழுப்பி, தசைகளை இழுத்து விடுகின்றன.

இது வீண் ஆட்டம் இல்லை. அசைவு இருந்தால்தான் மூட்டுகள் சரியாக உருவாகும், எலும்பு உறுதியாகும், தசை வளரும். நோயினால் அசையவே முடியாமல்போன பிள்ளைகள் இறுகி மடங்கிய மூட்டுகளோடு பிறப்பார்கள். பன்னீர்க்குடத்து நீரை உள்ளே இழுத்து வெளியே விட்டு, மூச்சு விடவும் பிள்ளை பழகுகிறது. நுரையீரல் வளர அந்தப் பழக்கமும் தேவை.

இவற்றில் எல்லாமே தாய்க்குத் தெரிவதில்லை. ஸ்கேனில் தெரியும் அசைவுகளில் ஒரு பகுதியைத்தான் அவர் உணர்கிறார். முதல் பிள்ளை என்றால் 18 முதல் 20 வாரத்தில் துடிப்புத் தெரியத் தொடங்கும். முன்பு பெற்றவர்களுக்கு 16 வாரத்திலும் தெரியலாம். கொடி வழியாகப் பிள்ளையைத் தாயோடு இணைக்கும் சூல்வித்தகம் (நஞ்சு) கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருந்தால் அது நடுவே மெத்தை போல நின்று உதையைத் தணித்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் பிந்தும்.

சரி, அந்த விசித்திரமான அசைவுகளுக்கு வருவோம்.

விக்கலைக் கண்டுபிடிப்பது சுகம். வயிற்றின் ஒரே இடத்தில், ஒரே அளவு இடைவெளியில், ஒரே அளவு விசையோடு சின்னச் சின்ன அடிகள் விழும். சில நிமிடங்கள் அடித்துவிட்டுத் தானாக நிற்கும். கைவைத்துப் பார்த்தால் கணவருக்கும் தெரியும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள பிரிமென்றகடு திடீர் திடீரென்று சுருங்குவதுதான் இது. எட்டாம் மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் தலை கீழே திரும்பியிருக்கும் என்பதால், நெஞ்சுப் பகுதியில் நடக்கும் இந்தத் துள்ளல் தாய்க்கு அடிவயிற்றுப் பக்கம் தெரியும். கொடி சுற்றியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொடி கழுத்தில் சுற்றியபடியே சுகமாகப் பிறக்கும் பிள்ளைகள் ஏராளம்.

நடுக்கம் என்று தாய்மார் சொல்வது அநேகமாகத் திடுக்கிடலாக இருக்கும். பிறந்த பிள்ளையின் பக்கத்தில் கதவைச் சாத்தினால் இரண்டு கைகளையும் விரித்து அதிருமே, அதேதான். வெளிச் சத்தம் பிள்ளைக்குக் கேட்கத் தொடங்குவது ஆறு, ஏழு மாதத்தில். கோயில் திருவிழாவின் பறைமேளத்துக்கோ வெடிச் சத்தத்துக்கோ வயிறு ஒருதரம் குலுங்கினால் பிள்ளையின் காது வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நரம்புகளைச் சுற்றிய கொழுப்புறை இன்னும் முழுமையாக வளராததால் அசைவுகள் வெட்டி வெட்டி வருவதும் இயல்பு. வயிற்றுக்குள்ளேயே வலிப்பு வருவது மிக மிக அரிது. சிலவேளை தாளத்தோடு அடிப்பது பிள்ளையே இல்லை, தாயின் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருநாடி. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்து, இரண்டும் ஒன்றாக அடித்தால் அது உங்களுடையது.

இரவில் கூடுதலாக உருள்வதும் அப்படித்தான். பின்னேரத்தில் இருந்து நடு இரவு வரைக்கும் பிள்ளைகள் இயல்பாகவே கூடுதலாக அசையும். பகலில் சமையலும் வயலும் தறியுமாக நிற்கும் தாய்க்குப் பாதித் துடிப்புக் கவனத்திலேயே படாது. படுத்தபிறகு எல்லாம் தெரியும். இடையிடையே பிள்ளை தூங்கும். ஒரு தூக்கம் 20 முதல் 40 நிமிடம், சுகமான பிள்ளையில் 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

இனி மறுபக்கம். பிள்ளைக்கு வேண்டிய ஒட்சிசன் முழுவதும் சூல்வித்தகம் வழியாகத்தான் வருகிறது. தாயின் இரத்த அழுத்தம் கூடினாலோ சூல்வித்தகம் சரியாக வேலை செய்யாவிட்டாலோ வரவு குறையும். வருமானம் சுருங்கிய வீட்டில் சோற்றுக்கும் மருந்துக்கும் காசை ஒதுக்கிவிட்டு மற்றச் செலவை நிறுத்துவது போல, பிள்ளையின் உடல் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. கைகாலை ஆட்டுவது செலவு கூடின வேலை, அதைக் குறைத்துக்கொள்கிறது. பிள்ளை அடங்குவது அதனால்தான் அடையாளமாகிறது. தாய்க்கு வேறு எந்த வலியும் நோவும் இல்லாமலேயே இது நடக்கலாம்.

ஆட இடமில்லை என்ற கதை இதனால்தான் ஆபத்து. துடிப்பு 32 வாரம் வரை கூடிக்கொண்டு போகும், பிறகு அதே அளவில் நிற்கும். உதை குறைந்து உருளலும் நெளியலுமாக அதன் தன்மை மாறலாம். எண்ணிக்கை குறையக்கூடாது, பிரசவ வலி வரும் நாளிலும் கூட.

பத்து எண்ணும் முறை 1976இல் பிரித்தானியாவின் கார்டிஃப் நகரில் பியர்சன், வீவர் என்ற இருவர் வெளியிட்டது. 12 மணி நேரத்தில் 10 துடிப்பு என்பது அவர்கள் கணக்கு. கிளினிக்கில் எண்ணச் சொல்லி அட்டவணை தந்திருந்தால் ஒழுங்காக நிரப்புங்கள். ஆனால் எண்ணிக்கை மட்டும் காப்பாற்றிவிடும் என்று நம்பவேண்டாம். 1989இல் வெளிவந்த, 68,000 பெண்களைச் சேர்த்த பெரிய ஆய்வில், எல்லோரையும் எண்ண வைத்ததால் வயிற்றிலேயே இறக்கும் பிள்ளைகளின் தொகை குறையவில்லை. என் பார்வையில், உங்கள் பிள்ளையின் வழக்கம்தான் உங்களுக்கு அளவுகோல். வழமையாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு புரளும் பிள்ளை இன்று புரளவில்லை என்றால், பகலில் பத்து எண்ணியிருந்தாலும் அது மாற்றம்தான்.

28 வாரத்துக்குப் பிறகு சந்தேகமாக இருந்தால், இடப்பக்கம் சரிந்து படுத்து, ஃபோனை ஒதுக்கிவிட்டு, வயிற்றிலேயே கவனம் வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்துத் தெரியாவிட்டால் புறப்படுங்கள். துடிப்பு நன்றாகவே குறைந்துவிட்டது, அல்லது இல்லவே இல்லை என்றால் இந்த இரண்டு மணி நேரமும் வேண்டாம். ஒரேயடியாக என்றுமில்லாத வேகத்தில் அடித்துவிட்டுப் பிறகு அடங்கிப்போனாலும் அப்படித்தான். சீனித் தண்ணீரோ குளிர்பானமோ குடித்துப் பார்த்துக்கொண்டு நேரத்தை விடாதீர்கள், அது பிள்ளையை எழுப்பும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வீட்டில் வாங்கி வைத்த டொப்ளர் கருவியில் இதயம் கேட்கிறது என்பதும் போதாது. சிரமப்படும் பிள்ளையின் இதயமும் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் செய்வது பெரிய வேலை இல்லை. வயிற்றில் இரண்டு பட்டி கட்டுவார்கள், ஒன்று பிள்ளையின் இதயத்துக்கு, மற்றது கருப்பை இறுகுவதற்கு. கையில் ஒரு பொத்தானைத் தந்து, துடிக்கும்போது அழுத்தச் சொல்வார்கள். மெஷினில் இருந்து வரும் கடதாசியில் இதயம் நிமிடத்துக்கு 110இல் இருந்து 160க்குள் இருக்கிறதா, பிள்ளை அசையும்போது கோடு மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அப்படி ஏறி இறங்கினால் ஒட்சிசன் போதுமான அளவு போகிறது என்று பொருள். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துப் பிள்ளையின் வளர்ச்சியையும் பன்னீரின் அளவையும் பார்ப்பார்கள்.

படுவான்கரையில் இருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, பொத்துவில் பக்கத்தில் இருந்து கல்முனைக்கோ வரவேண்டியவர்கள் பாதைத் தூரத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம், அடுத்த கிளினிக் நாள் வரை தள்ளவும் வேண்டாம். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடலாம், காசு கட்டத் தேவையில்லை. போய்ச் சேர்ந்ததும் “பிள்ளையின் துடிப்புக் குறைந்துவிட்டது, இத்தனை மணியில் இருந்து” என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள், கிளினிக் கொப்பியையும் கையில் கொடுங்கள். எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டு, நான்கு நாளில் திரும்பக் குறைந்தால் திரும்பப் போங்கள். இரண்டாம் தரம் குறைவது முதல் தரத்தைவிடக் கவனிக்கவேண்டியது என்பது வாட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும்.